உப்பைத் துடைக்காதவன் எழுதும் கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. எழுத்தாளன் என்ற கௌரவத்துக்காக அதற்கு ‘அவதானிப்பு’ என்று பெயர் வைத்திருந்தேன்.

என் மனைவி நோயலீன், அக்காவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மக்கை என்ற ஊருக்குக் கிளம்பியபோது என்னிடம் ஒரே ஒரு வேலையைத்தான் ஒப்படைத்தாள். எங்கள் டவுன்ஸ்வில் வீட்டுக் கூடத்தில் அவளுடைய கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. பம்ப் கிளப்புகிற குமிழிகள் மேலே வந்து உடையும். தெறிக்கும் துளிகள் காய்ந்து விளிம்பிலும் விளக்கிலும் வயரிலும் வெள்ளை வெள்ளையாய் உப்பு ஏறும். அதைத் துடைக்க வேண்டும்.

“வெந்நீர்ல துணிய நனைச்சுப் பிழிஞ்சு தொடைக்கணும். துணிய சிங்க்ல அலசணும். அவ்வளவுதான் டெஸ். ஒரு நாய்க்குட்டிகூட செஞ்சிரும்.”

“நாய்க்குட்டிக்குத் துணி பிழியத் தெரியாது.”

“உனக்குத் தெரியும்னு எவன் சொன்னான்?”

2

முதல் தொடக்கம்: ‘உப்பு என்பது கடலின் ஞாபகம், அது ஒவ்வொரு இரவும்—’

அடித்துவிட்டேன். கடலுக்கு ஞாபகசக்தி இருப்பதாக எனக்கு எந்தத் தகவலும் இல்லை. இத்தனை வருடமாக அதன் ஓரத்தில் நடை போகிறேன், ஒருமுறைகூட என்னை அடையாளம் கண்டுகொண்டதில்லை.

இரண்டாவது தொடக்கம்: ‘மனைவி இல்லாத வீட்டில் அவனுடைய தனிமை விளிம்பு தாண்டி வளர்ந்தது—’

தனிமையாம்! மின்விசிறிக்கு அடியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து, இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்தைத் தின்றுகொண்டு கிரிக்கெட் பார்த்தவனுக்கு.

மூன்றாவது தொடக்கத்தை நேரில் பார்த்து எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்கு உப்பு நன்றாக வளர வேண்டியிருந்தது. ஆகவே துடைக்கவில்லை. தினமும் காலையில் காபியோடு போய்ப் பார்ப்பேன். பரவாயில்லை, வளர்கிறது என்று தலையாட்டிவிட்டு வருவேன்.

(கற்பனை செய்து எழுதக் கூடாதா என்று கேட்கிறீர்கள். கற்பனை செய்வதற்கும் துடைப்பதற்கும் ஒரே அளவு உழைப்பு தேவைப்படுகிறது என்பதுதான் சிக்கல்.)

3

ஒரு கதாபாத்திரத்தை இன்னும் அறிமுகப்படுத்தவில்லை. தள்ளிப்போட்டேன், காரணம் பிறகு தெரியும்.

அவன் பெயர் அம்பயர். சிவப்பாக, சுண்டுவிரல் நீளம். நீந்துவதில் பெரிய ஆர்வம் கிடையாது. தொட்டிக்குள் இருக்கும் பாறையின் உச்சியில் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். மேலேயிருந்து எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வுவான். பெயர் வைத்தவள் நோயலீன். அவள் விரலிலிருந்தே இரை வாங்கித் தின்பான். நான் கையை நீட்டினால் அவுட் கொடுக்காத அம்பயர்போல அசையாமல் இருப்பான்.

இந்தப் பாத்திரத்தை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம். ஒரு மீனுக்காக வாசகர் கவலைப்படுவாரா? தெரியவில்லை. நோயலீன் கவலைப்படுவாள். அவனை என் பொறுப்பில் விட மனமில்லாமல்தான் அக்கா வீட்டுக்குப் போவதையே அவள் தள்ளித் தள்ளிப் போட்டாள்.

4

இனி நடந்ததை எழுத வேண்டும். (இந்த இடத்தில் எழுந்து போய்த் தேநீர் போட்டேன். பாத்திரமும் கழுவினேன். வாசலைக்கூடப் பெருக்கினேன்.)

“நாளைக்குக் காலையில பஸ்ல வந்து இறங்குறேன்” என்று போன் வந்தது. ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தேன். விளிம்பு முழுக்கக் காலிஃபிளவர் பூத்ததுபோல உப்பு. துணிக்கு அது மசியவில்லை. ஊறவிடப் பொறுமை இல்லாமல் வெண்ணெய்க் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். பாளம் பாளமாகப் பெயர்ந்தது.

அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது: ‘உப்பைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தான்.’

என்ன வாக்கியம்! இதற்காக வருடக்கணக்கில் காத்திருந்ததுபோலப் புல்லரித்தது. யோசித்துப் பார்த்தால் விஞ்ஞானமாகவும் பட்டது. அந்தத் தண்ணீரிலிருந்து ஏறிய உப்புதானே, அதற்கே போகட்டும். கத்தியின் பக்கவாட்டால் அத்தனையையும் உள்ளே தள்ளினேன்.

மேலேயிருந்து விழுந்தது. அம்பயர் பாய்ந்தான். கவ்வினான். விழுங்கினான்.

பிறகு வாயை அகலத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பக்கவாட்டாகச் சரிந்து பாறைக்குப் பின்னால் போனவன் வெளியே வரவே இல்லை. நான் கத்தியும் கையுமாக நின்றேன்.

அந்த வாக்கியம் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

5

சில முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

கணவன் கடைக்குப் போய் அதே நிறத்தில் வேறு மீன் வாங்கி விடுகிறான். நடக்காது. புது மீன் அவள் விரலுக்கு வராது. அவள் என் முகத்தைப் பார்ப்பாள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

கணவன் உடனே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறான். நேர்த்தியான முடிவு. ஆனால் இந்தக் கணவனை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும், அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

மின்சாரம் போய்விட்டது, பம்ப் நின்றுவிட்டது, யாரும் குற்றவாளி இல்லை. இதைக் கொஞ்சம் அதிக நேரம் யோசித்தேன்.

6

இன்று காலை நோயலீன் வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

“விளிம்பு என்ன இப்படிப் பளபளன்னு இருக்கு? நீயா தொடைச்ச?”

“ம்.”

“அடேங்கப்பா! நான் உன்ன என்னவோ நெனச்சுட்டேன் டெஸ். அக்காவுக்கு அடுத்த முழங்காலும் செய்யணுமாம். இனிமே தைரியமாப் போகலாம்.” கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். “அம்பயர் எங்க?”

“பாறைக்குப் பின்னால. வெக்கமா இருக்கும்.”

“வெக்கமா? அதுக்கா? அது உன்னையே அம்மணமாப் பாத்த மீனு.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். கன்னத்தில் தட்டியதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்தக் கதை ஏன் முடியவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் நோயலீன்தான். முடித்தால் கொடுக்க வேண்டும். அதனால் இந்த அறையில் உட்கார்ந்து, தொடக்கங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

7

அவள் அங்கே இரையைக் கிள்ளி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். “வாடா கண்ணு, வா, நான் வந்துட்டேன் பாரு” என்று கொஞ்சுவது கேட்கிறது.

இப்போது சத்தம் இல்லை.

“டெஸ். இங்க வா.”

அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வெளியே வந்துவிட்டானோ? பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டாளோ? இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்தத் தொனியை நான் கேட்டதில்லை.

வாசகரே, மீனை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பிழைக்க வைக்க முடிந்தால் பிழைக்க வையுங்கள். ஆனால் என்னிடம் சொல்லாதீர்கள். அவன் பிழைத்துவிட்டான் என்று தெரிந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே தொட்டிப் பக்கம் திரும்பாமல், அவள் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்போகிறேன். நடுவில் அலங்காரம் எதுவும் செய்துவிடாமல் இருக்க, சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதி வைத்துவிட்டு எழுகிறேன்:

“நோயலீன், உப்ப உள்ள தள்ளினது நான்தான்.”