புள்ளி மாஸ்டரின் கார்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அன்று காலை சாவியை எடுத்து, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சிவப்புப் புள்ளியைச் சுரண்டப் போனேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா! கீறல் விழுந்தா அதுவும் ஒரு அடையாளம்தான். அதுக்கும் டெஸ்ட்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்ப நீங்களே எடுங்க. ஒட்டுனது நீங்கதானே?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி நின்றேன்.

எனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தந்தவள் அவள்தான். வயதில் என்னைவிடச் சின்னவள். புள்ளி மாஸ்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பயிற்சிக் காருக்குள் வண்ண வண்ணமாக வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள். டாஷ்போர்டின் சிவப்பு சாலை ஓரக் கோட்டோடு சேர்ந்திருந்தால் வண்டி நேராகப் போகிறது என்று அர்த்தம். ரிவர்ஸ் எடுக்கும்போது பக்க ஜன்னல் கண்ணாடியின் நீலம் டெஸ்ட் மைதானத்தில் நட்டிருக்கும் கம்பத்தைத் தொட்டால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும். பின் கண்ணாடியின் மஞ்சளுக்குள் அடுத்த கம்பம் வந்தால் நிமிர்த்த வேண்டும். ரிவர்ஸ் என்றாலே பயப்படும் என்னைப் போன்றவர்களைக்கூட அவள் இப்படித்தான் தேற்றிவிடுவாள்.

எனக்கு அந்த லைசென்ஸ் கிடைத்தே ஆக வேண்டும். என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். இதுவரை எங்கள் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்த கொழுந்தனாருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, அந்த வாரக் கடைசியில் கிளம்புகிறார். அப்புறம் வீட்டில் கார் நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது. அன்று மதியம் எனக்கு டெஸ்ட். இதில் கோட்டைவிட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமென்று யாருக்கும் தெரியாது.

காலையில் பார்த்தால் டெஸ்ட் மைதான வாசலில் புதிதாக ஒரு நோட்டீஸ். பயிற்சிக் காருக்குள் எந்த அடையாளமும் இருக்கக் கூடாதாம், பசைத் தடம்கூட. வேறொரு பள்ளிக்காரர்கள் ஸ்டிக்கரை மட்டும் கிழித்துவிட்டு, அது விட்டுப்போன அழுக்கு வட்டத்தைப் பார்த்தே ஓட்டிக் காட்டினார்களாம். அந்த அதிபுத்திசாலிகள் நன்றாக இருக்கட்டும், எங்கள் தலையில் கல்லைப் போட்டுவிட்டார்கள்.

மாஸ்டர் புலம்பவில்லை. காரைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளேபோய் முடி உலர்த்தும் மெஷின், தேங்காய் எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், பழைய பனியன் துணி எல்லாம் கொண்டுவந்தாள்.

"பெயிண்ட் தின்னர் வாங்கிட்டு வரட்டுமா? ஒரே தேய்ப்புல போயிடும்" என்றேன்.

"டாஷ்போர்டும் சேர்ந்து வெளுத்துடும்க்கா. கொஞ்சம் சூடு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பொறுமை. அவ்ளோதான்."

"அந்த மூணாவது என்கிட்ட ஸ்டாக் இல்ல."

அவள் சிரித்தாள். பிறகுதான் என் தலைக்குள் முட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. "புள்ளி இல்லாம நான் எப்படி ரிவர்ஸ் எடுப்பேன், சொல்லுங்க பாக்கலாம்!" என்று கத்தியேவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மாஸ்டர் மெஷினை அணைத்தாள். "தெரியலக்கா. புள்ளி இல்லாம நான் யாருக்கும் சொல்லித்தந்ததே இல்ல" என்றாள்.

ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன். இப்படிப் பளிச்சென்று உண்மையைச் சொல்பவளிடம் என்ன சண்டை போடுவது? எனக்குக் கோபம் பொசுக்கென்று போய்விட்டது.

"ஏறி உக்காருங்க. எடுக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தப் பக்கம் வெளியில என்ன இருக்குன்னு பாத்துடலாம்" என்றாள். ஒரு துடைப்பத்தைக் கம்பமாக நட்டுவைத்து, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னாள். நீலம் துடைப்பத்தைத் தொட்டதும் நிறுத்தினேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"நீலப் புள்ளி."

"அதை விடுங்க. சைடு மிரர்ல பின்சக்கரத்தைப் பாருங்க. எங்க நிக்குது?"

பார்த்தேன். பின்சக்கரம் துடைப்பத்துக்கு நேராக வந்து நின்றிருந்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் வந்து நின்றிருக்கிறது. நான் பார்த்ததில்லை.

"அட! இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையே!" என்று மாஸ்டர் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். "நேரா வந்ததும் ஒடிக்கணும், அவ்ளோதான் சமாச்சாரம்."

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்தோம். எந்தப் புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று நான் சொன்ன பிறகுதான் அவள் அதில் கை வைத்தாள். வெந்நீர் பட்ட கைபோல் ஸ்டிக்கர் சூடாகும்வரை காற்றுக் காட்டி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, இழுக்கிறாளா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்ல இழுத்தாள். வெயிலில் காய்ந்த காகிதம் பாதியில் கிழிந்தால் மறுபடி சூடு. மிஞ்சிய பசைமேல் எண்ணெய்த் துணியைப் போட்டு ஊறவிட்டு, விரலால் வட்டமாக உருட்டி எடுத்தாள். பக்கக் கண்ணாடிக்கு பிளேடு எடுத்தவள், பின் கண்ணாடிக்கு வந்ததும் அதைத் தூர வைத்துவிட்டாள். பனி படியாமலிருக்க அங்கே ஓடும் மெல்லிய சூட்டுக் கம்பிகள் அறுந்துவிடுமாம். எண்ணெய் மினுக்கினால் அதுவும் ஒரு வட்டம்தானே என்று கடைசியில் டாஷ்போர்டு முழுவதையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து உலர்த்தினாள்.

எல்லோரும் அவளுக்கு வைத்த பேரை அவளே நகக்கண் வலிக்கச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. நானாக இருந்தால் நோட்டீஸ் ஒட்டியவனின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். எப்படிப்பட்ட பெண் இவள் என்று எனக்கு வியப்பு தாங்கவில்லை. அவள் பிழிந்து போட்ட துணியை நான் எடுத்து அலசினேன்.

மதியம் ஆபீசர் காருக்குள் தலையை விட்டு, டாஷ்போர்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண்ணாடிகளை விரலால் தடவினார். எங்கும் ஒட்டவில்லை.

"எண்ணெய் வாசனை வருதே?"

"என் தலைங்க" என்றேன்.

ரிவர்ஸ் வந்தது. நீலம் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி. கழுத்தைத் திருப்பி, சைடு மிரரில் சக்கரத்தைத் தேடிப் பிடித்தேன். கம்பத்துக்கு நேரே வந்தது, ஒடித்தேன். நடுவில் ஒருமுறை சந்தேகம் வந்து நிறுத்தி, நன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தேன். கம்பம் எதுவும் சாயவில்லை. ஆபீசர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மாஸ்டர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள், பார்க்கத் தைரியம் இல்லாமல். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். இருவர் கையிலும் தேங்காய் எண்ணெய் மணந்தது.

அடுத்த வாரம் நானே என் கணவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன். டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவர் உடம்பு துவண்டு போயிருக்கும். ஆனாலும் தம்பி ஓட்டிய நாளெல்லாம் வீடு வரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவார். தம்பிக்குத் தான் ஒரு சுமையாகத் தெரிந்துவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு பயம். அன்று டயாலிசிஸ் முடிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சக்கரத்தைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்து, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிச் சாலையில் ஏறினேன். ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், மனிதர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தார்.