கதவுக்குப் பின்னால் மஞ்சள்

“யாரைக் கேட்டு வெள்ளை அடிச்சீங்க?”

“நீ பாத்தா அழுவியேன்னுதான்…”

“அழுதா அழுதுட்டுப் போறேன். கண்ணு என்னுது. யாரைக்—”

“சொல்றதைக் கேளேன், நான்—”

“—கேட்டு அடிச்சீங்க?”

சின்ன அறை முழுக்க வெள்ளை. போன வாரம்வரை மஞ்சளாக இருந்தது. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று அவள் சொல்லச் சொல்ல, பிறக்கப்போகிற குழந்தைக்காகப் பெயிண்டரான அவன் தன் கையாலேயே கலந்து எடுத்த மஞ்சள். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். படியேறும்போதே பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது.

“அங்க சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடந்தேன். பக்கத்துல வந்து உக்காந்தீங்களா? ஒரு வார்த்தை?”

“மருந்துக்கு ஓடினேன், டாக்டரைத் தேடி ஓடினேன்…”

“ஓடினீங்க. நான் கேக்கறது உக்காந்தீங்களான்னு.”

“உக்காந்து பேசினா மட்டும் திரும்பி வந்துடுமா?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கத்தவில்லை. குரல் தணிந்துவிட்டது; அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

“ஊரான் வீட்டுச் சுவத்துல மயிரிழைக் கீறல் இருந்தாலும் உங்க கண்ணுல படும். பொண்டாட்டி மூஞ்சி மட்டும் படாது. நான் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்ப வருவியான்னு கேக்காதீங்க.”

அவன் நகத்தில் காய்ந்திருந்த வெள்ளையைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

பை, கதவுக்குப் பின்னால் சுவர் ஆணியில் தொங்கியது. அதை எடுக்கக் கதவைச் சாத்தினாள். பைக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு முறத்தளவு மஞ்சள் அப்படியே இருந்தது. நடுவில் பென்சில் கோடு. “நடக்க ஆரம்பிக்கறப்ப நம்ம வாண்டு இவ்வளவு உசரம் இருக்கும்” என்று அவன்தான் அன்று கிழித்தான். “பொறக்கறதுக்கு முன்னாடியே அளவெடுக்கறீங்களே, நீங்க என்ன டெய்லரா?” என்று அவள் சிரித்தாள்.

சுவிட்ச் ஓரத்துக்குக்கூட டேப் ஒட்டி அடிக்கிறவன். இங்கே பிரஷ் அந்தக் கோட்டை நோக்கி வந்து, வந்து, நின்றிருந்தது.

“இது என்ன?”

“பெயிண்ட்… தீந்துபோச்சு.”

பையின் வாரைப் பிடித்தபடியே அவள் சன்னலடிக்குப் போய்க் குனிந்தாள். வெள்ளை பெயிண்ட் டின்னை மூடக்கூட இல்லை. மேலே ஆடை படிந்திருந்தது.

“டின்னுல பாதி அப்படியே இருக்கேங்க…”