முன்வரிசைக் கைதட்டல்

கூட்டத்தில் பேச ஐஸ்காரருக்கு மூன்றாவது டோக்கனே கிடைத்துவிட்டது. அதற்கு மேல் பொறுத்திருக்கும் ஆள் இல்லை அவர்.

விஷயம் இதுதான். மின்சாரக் கம்பெனிகளைக் கண்காணிக்க ஓர் ஆணையம் இருக்கிறது. இத்தனை நாள் அரசாங்கம் அதற்குப் படியளந்தது. இனிமேல் கம்பெனிகளிடமே தீர்வை வாங்கி ஆணையத்தை நடத்தலாமா என்று ஊரைக் கூட்டிக் கேட்கிறார்கள். அந்த ஆணையத்தில்தான் ஐஸ்காரரின் வழக்கு கிடக்கிறது. கம்பெனி ஏற்றியும் இறக்கியும் விட்ட மின்சாரத்தில் அவருடைய கம்ப்ரசர் கருகி, ஐஸ் ஆலை பூட்டிக் கிடக்கிறது. நஷ்டஈடு வந்தால்தான் கதவு திறக்கும்.

"கோவத்துல வாய விட்டுடாதீங்க" என்றாள் மனைவி. இவரை நம்பி வர முடியாது என்று அவளும் ஒரு டோக்கன் வாங்கி வைத்திருந்தாள்.

ஐஸ்காரர் மைக்கைப் பிடித்தார். "கம்பெனிக்காரன் போடுற சோத்தத் தின்னுட்டு அவனையே எப்படிய்யா கேள்வி கேப்பீங்க? வெக்கமா இல்ல? ஒத்தப் பைசா வாங்கக் கூடாது. நான் எதிர்க்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. யார் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். முன்வரிசை. கம்பெனி மேனேஜரும் அவருடைய பரிவாரமும்.

"பெரியவர் நியாயத்தச் சொன்னார். நாங்களும் அதையேதான் சொல்றோம், எங்ககிட்ட வாங்காதீங்க" என்றார் மேனேஜர்.

ஐஸ்காரர் திருதிருவென விழித்தபடி வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி லேத் பட்டறைக்காரர் காதைக் கடித்தார். "அண்ணே, அரசாங்கம் கைய விரிச்சாச்சு. இவனுங்களும் கட்டலேன்னா ஆணையத்துக்கே பூட்டுதான். உங்க வழக்கு அம்பேல். அவன் தட்டாம வேற யாரு தட்டுவான்?"

ஐஸ்காரருக்கு உச்சந்தலை கொதித்தது. நேராக, பேசுவதைப் பதிந்துகொண்டிருந்த குமாஸ்தாவிடம் போனார். "நான் சொன்னத அடிச்சுட்டு எழுது."

"ஒருத்தருக்கு ஒரு தடவதான் ஐயா. எதிர்ப்புன்னு பதிஞ்சாச்சு. அடிக்க விதியில்ல."

"என் வாய், என் பேச்சு. அதுல உன் விதி என்னடா?"

மனைவி தன் டோக்கனோடு எழுந்து வந்தாள். "அடியே, நீ சொல்லு" என்று அவளை முன்னால் தள்ளினார். "முதல்ல…"

"எனக்குத் தெரியும். நீங்க போய் உக்காருங்க."

மைக்கை எடுத்தாள். "வாங்குங்க. கண்டிப்பா வாங்குங்க. ஆனா அவங்க தர்மம் போடுற மாதிரி இருக்கக் கூடாது. வரி மாதிரி கஜானாவுல கட்டட்டும், அங்கேருந்து உங்களுக்கு வரட்டும். எங்க மிஷின எரிச்சவன் கையிலேருந்து நேரா வாங்கிட்டு எங்க மூஞ்சில எப்படி முழிப்பீங்க? அப்புறம், கட்டுறத எங்க பில்லுல ஏத்தினான்னா அவன் கழுத்தப் பிடிங்க."

முன்வரிசையில் ஒரு கைகூட அசையவில்லை.

"ஒரு எதிர்ப்பு, ஒரு ஆதரவு. உங்க வீட்டுக் கணக்கு நேராயிடுச்சு" என்று குமாஸ்தா சிரித்தான். அந்தச் சிரிப்புதான் ஐஸ்காரரைக் குத்தியது.

கூட்டம் கலைந்தது. அவர் எழவில்லை. சுற்றிலும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

"ஐயா, எந்திரிங்க. ஹால் பூட்டணும்" என்றான் வாட்ச்மேன்.

"என் எதிர்ப்ப அடிக்கச் சொல்லு. அப்புறம் பூட்டு."

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவிப்போட்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் சொல்றதுதான்" என்றாள்.