டர்போவுக்கு ஓர் இடம்

பாலைவன ஊரான பிதியாவில், ஊரையொட்டிய மணல்மேட்டில் வண்டியோடு ஏறப் பார்த்து நடுவில் நின்றுபோகாதவர்கள் குறைவு. ஆனால் அஸ்ஸான் மூன்று வருடமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். பழைய ஜீப்புக்கு மூச்சுப் போதவில்லை. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கட்டும் என்று, உடைக்கப் போட்ட லாரியிலிருந்து ஒரு டர்போவைப் பேரம் பேசி வாங்கிவந்தான். அது போனால் இன்னொன்று வாங்க வழியில்லை.

வாங்கிய பிறகுதான் வினை. எஞ்சின் பக்கத்தில் வைப்பதானால் ஏசியைக் கழற்ற வேண்டும். அந்த ஜீப்பில்தான் அவன் மனைவி துரையா தினமும் இப்ரா ஊர்ப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறாள். மே மாதத்தில் அவளிடம் ஏசியைக் கேட்பதற்கு, அவன் வீட்டைவிட்டே போய்விடலாம்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா பின்னாடிதான் தொங்க விடணும் மாப்ளே" என்றான் துரையாவின் அண்ணன் முந்திர். இரும்பைப் பற்றவைக்கிற வெல்டிங் வேலை அவனுடையது. "புகை தள்ளித்தானே டர்போ சுத்துது, புகைக்குழாய் அங்கயும்தானே போகுது? டிக்கிக்கு அடியில எவ்வளவு இடம் சும்மா கிடக்கு பாரு."

டர்போவைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு அளந்தார்கள். தரைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. தாராளம். குழாயை அறுக்க முந்திர் ரம்பத்தை எடுத்தான்.

துரையா காப்பியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தாள். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"டயர்ல காத்து நிறைய இருக்கே. மேட்டுலயும் இப்படியேதான் ஏறப்போறீங்களா?"

மணலில் இறங்குமுன், டயர் புதையாதிருக்கப் பாதிக் காற்றைத் திறந்துவிட வேண்டும் என்பது பிதியாவில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். சிமெண்டுத் தரையில் நின்று அளந்த இந்த இரண்டு மேதாவிகளுக்கு மட்டும் மறந்துபோயிற்று.

காற்றை இறக்கியதும் ஜீப் தாழ்ந்தது. அதை வீட்டுக்குப் பின்னால் மணலில் கொஞ்சதூரம் ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். டர்போவின் வாய் நிறைய மணல். எஞ்சினோடு இணைத்திருந்தால் அத்தனையையும் விழுங்கி அன்றே செத்திருக்கும். அஸ்ஸான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று முந்திர் ரம்பத்தைக் கீழே போட்டான். பிறகு தங்கை முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அப்ப ஏசியத்தான் கழட்டணும்."

"கழட்டு பாப்போம்" என்றாள் அவள். முன்மூடியைத் திறந்து எஞ்சினுக்குப் பக்கத்து மூலையைக் காட்டினாள். "ஏங்க, இந்த பேட்டரி இங்க உக்காந்து என்ன பண்ணுது? அதுக்கு மூச்சா விடணும்? பின்னாடி போட்டா ஆகாதா?"

அஸ்ஸான் எழுந்து ஓடிவந்து பேட்டரியைத் தூக்கிவிட்டு, டர்போவை அவிழ்த்து அந்த மூலையில் பிடித்துப் பார்த்தான். சரியாக உட்கார்ந்தது. பேட்டரிக்கு நீளமாக ஒரு கம்பி இழுத்தால் போதும். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், டர்போ பூட்டி மேட்டடிக்குக் கொண்டுவந்த ஜீப்பில் துரையாவும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். கீழே நின்று முந்திர் கத்தினான்: "ஏசி எஞ்சின் பலத்தைக் குடிச்சிடும், அணைச்சுட்டு ஏறு மாப்ளே!"

அஸ்ஸான் அணைக்கவில்லை. மூன்று வருடமாக நின்ற இடத்தை ஜீப் சீறிக்கொண்டு தாண்டியது. உச்சியில் வண்டியை நிறுத்தினான்.

"ஏசியக் கொஞ்சம் கொறைங்க" என்றாள் துரையா. "குளிருது."