தூர்ந்த காது

சிவராத்திரியன்று காலையில் பழங்காநத்தத்து வீட்டின் வாசல் கதவை அத்தை உள்பக்கமாகப் பூட்டி, சாவியை முந்தியில் முடிந்துகொண்டாள். ஒச்சம்மாள் பார்த்துவிட்டாள்.

"எதுக்கு அத்தை பூட்டுறீங்க?"

"திருட்டுப் பயலுக உலாத்துறாங்களாம்."

"பட்டப்பகல்லயா?"

"பகல்லதான் கண்ணு நல்லாத் தெரியும். போய் வெங்காயத்த உரி."

மலையம்மாள் அத்தைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மூக்கு சிவந்துவிடும். சிவந்திருந்தது.

சிவராத்திரி என்றால் எழுமலைப் பக்கத்துப் பங்காளிகள் அத்தனை பேரும் ஊருக்குப் போவார்கள். வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் சாமிப் பெட்டி அன்றைக்குத்தான் கோயிலுக்குப் போய்த் திறக்கும். ஒச்சம்மாள் மட்டும் ஊரை விட்டு மதுரைக்கு வருவாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். முன்பெல்லாம் அம்மா கூட்டிவருவாள். அம்மா செத்தபிறகு அப்பா பஸ் ஏற்றிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் யாரிடமும் பேசுவதில்லை. வயலுக்குப் போவார், வருவார், தின்பார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

வெங்காயம் எடுக்கப் போனவள் அலமாரியில் புதுக் கிராம்புத் தைலத்தைப் பார்த்தாள். மூடிகூடத் திறக்கவில்லை.

ஒவ்வொரு சிவராத்திரியும் பொழுது அடையும் நேரத்தில் அவளுக்குத் தாடை வலிக்கும். வலி என்றுகூடச் சொல்ல முடியாது. பல்லின் வேருக்குள் வண்டு புகுந்து ரீங்காரம் போடுகிற மாதிரி இருக்கும். அத்தை தைலம் தடவுவாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பழங்காநத்தத்துத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவள் இத்தனை வருசமும் நினைத்திருந்தாள்.

சீசாவை அத்தையின் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு எனக்குப் பல்லு வலிக்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அரிவாள்மனையில் அத்தையின் கை நின்றது.

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் செத்துச்சு" என்றாள் ஒச்சம்மாள். "நான் மனுசப் பொறப்பு இல்ல, மேலேர்ந்து விழுந்தவன்னு எனக்குத் தெரியும். இன்னும் என்ன மறைக்கிறீங்க?"

அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கவில்லை. ஒரு நாள் வெள்ளி முளைக்கும் நேரத்தில் கண்மாய்க்குள் ஏதோ எரிந்து விழுந்தது, ஓடிப் போய்ப் பார்த்தால் சேற்றில் ஒரு பெண்குழந்தை கிடந்தது, அழவில்லை, உடம்பு சில்லென்று இருந்தது. அவ்வளவுதான் சொன்னாள். மற்றதை ஒச்சம்மாளின் உடம்பே சொன்னது. மூன்று தடவை கெடா வெட்டி, சோணை மாமா மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். ரத்தம் வரவில்லை. இளநீர் மாதிரி ஒரு சொட்டு வந்தது. சாயங்காலத்துக்குள் ஓட்டை தூர்ந்து, தோடு தரையில் கிடந்தது. மூன்று தடவையும் அப்படியே. பிறகு அம்மா தேன்மெழுகை வைத்துத் தோட்டை ஒட்டப் பழகிக்கொண்டாள். காது குத்தாத பெண்ணை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"ஒங்கப்பன் என்னையக் கொன்னு போட்டுருவான்."

"சொல்லுங்க."

"புள்ள இல்லாதவளுக சாமிப் பெட்டி வர்ற பாதையில ஈரச் சேலையோட படுப்பாளுகள்ல? பெட்டி தாண்டிப் போனாக் கேட்டது கெடைக்கும்பாக. ஒங்காத்தா படுத்தா. அந்த மாசமே நீ விழுந்த. ஒன் பக்கத்துல இன்னொண்ணும் கெடந்துச்சு. கறுப்பா, தேங்கா மாதிரி. கல்லுமில்ல, இரும்புமில்ல. சாமி குடுத்த புள்ள, கூட வந்தது சாமிக்கே சேரட்டும்னு, மொறைய மீறி ஒரு தடவ பெட்டியத் தொறந்து உள்ள போட்டாக."

"அப்புறம்?"

"மறுவருசம் கோயில்ல பெட்டியத் தொறந்தப்ப அது முனங்குச்சு. இடுப்புல இருந்த நீயும் முனங்குன. ரெண்டும் ஒரே மாதிரி. ஒங்காத்தா ஒன்னைய மாராப்புல சுருட்டிக்கிட்டு ஓடியாந்தா பாரு, அன்னையிலேர்ந்து பெட்டி தொறக்குற அன்னைக்கு நீ ஊர்ல இருக்கக் கூடாதுன்னு எங்கிட்டயும் ஒங்கப்பன்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டா."

"அதுக்காகக் கதவையும் பூட்டணுமா?"

அத்தை வெங்காயத்தைப் பார்த்தாள்.

"போன வருசம் கோயிலுக்கு ஒருத்தி வந்தாளாம். இதுகூட வந்த புள்ள எங்கன்னு கேட்டாளாம். கிறுக்கச்சின்னு வெரட்டிவிட்டுட்டாக. அடுத்த வருசம் பெட்டி தொறக்கையில வாரேன், அதுக்கப்புறம் வர முடியாதுன்னு சொல்லிட்டுப் போனாளாம்."

ஒச்சம்மாள் நிமிர்ந்தாள். இன்றைக்கு. பொழுது அடையும்போது.

"எங்க ஆளா அத்தை?"

"அப்ப நாங்க யாருடி?"

 அத்தை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிந்தாள். "இந்த வருசம் பெட்டி சொமக்குறதே ஒங்கப்பன்தான். ஒங்காத்தா தலைத்திதி முடிஞ்சதும் மொற அவனுக்கு வந்திருச்சு. வாயக் கட்டிக்கிட்டுச் சொமக்கணும், எறக்கி வைக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. நீ அங்க போய் நின்னு அவன் கால எடற வச்சிராத."

பதினொரு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. பழங்காநத்தத்தில் அந்தச் சத்தத்துக்கு உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை கிடையாது. அத்தை குடத்தோடு வெளியே போய், கதவை வெளியே பூட்டினாள். ஒச்சம்மாள் பின்பக்கத்துச் சுவரேறிக் குதித்தாள்.

காளவாசலில் உசிலம்பட்டி பஸ் சாய்ந்துகொண்டு வந்தது. உள்ளே கோழி, பானை, பொங்கலுக்கு விறகு. கண்டக்டர் படியிலிருந்தவர்களைத் தோளால் தள்ளினார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. பின்னாடி ஒரு வீடே காலியாக் கெடக்கு."

"வாடகை எம்புட்டுண்ணே?" என்றது ஒரு குரல்.

"ஒன் சேவல உரிச்சுக் குடு, சும்மாவே இருந்துக்க."

பஸ் சிரித்தது. ஒச்சம்மாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலைப் பார்த்தாள். உச்சியில்தான் இருந்தது. போய்விடலாம்.

செக்கானூரணி தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் லாரிகள், வண்டிகள், இன்னொரு பஸ். வேறொரு கூட்டத்துச் சாமிப் பெட்டி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. கொட்டு, குலவை, சாமியாடிகள். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிக் கும்பிட்டார். ஹாரன் அடிக்க ஒருவருக்கும் தைரியமில்லை. பெட்டி ரோட்டுக்கு நடுவே நின்றது, சாமியாடி யாருக்கோ குறி சொன்னார், நகர்ந்து மறுபடி நின்றது. வெயில் சாய்ந்தது. வேப்பமரத்து நிழல் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. ஒச்சம்மாள் நகத்தைக் கடித்தாள். கடித்த இடம் கடிக்கக் கடிக்க வளர்ந்தது.

"ஏத்தா! ஒச்சம்மா!"

பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் நின்றது. டிரெய்லரில் ஆட்டுக்கிடாயும் ஆட்களும். நடுவில் சோணை மாமா, அம்மாவின் அண்ணன், புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒன்னைய மதுரைக்கு ஏத்திவிட்டதாவுல சொன்னாக."

இறங்கி ஓடினாள். "அப்பா வரச் சொல்லிட்டாரு மாமா."

"வாயத் தொறந்தா சொன்னான்? என் தங்கச்சி போனதுலேர்ந்து அந்தாளு கொட்டாவி விட்டுக்கூட நான் பாக்கல." கையை நீட்டி மேலே தூக்கினார். உட்கார்ந்ததும் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பொய் என்று தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. "இவ காதுகுத்துக்கு வெட்டுன கெடாயெல்லாம் சேத்தா ஒரு பட்டியே போட்டிருக்கலாம்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

ரோடு திறந்தது. டிராக்டர் உசிலம்பட்டிக்குப் போகாமல் வண்டிப்பாதையில் இறங்கியது. புழுதி வாயை அடைத்தது. மேற்கே மலை நீலமாகி, நீலம் கறுக்கத் தொடங்கியது. சின்ன வயதில் இந்த வரப்புகளில்தான் அவள் அப்பாவின் பின்னால் நடப்பாள். அப்பா திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டே போவார். அவள் எட்டி ஒரு விரலைப் பிடித்துக்கொள்வாள். சில்லென்று விரல் பட்டதும்தான் அவர் நடையைக் கூட்டுவார்.

வருகிறவளோடு போய்விட்டால் அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். போகாவிட்டால் எனக்கு யார் என்றும் நினைத்தாள்.

கோயில் புளியமரங்கள் தெரிந்தபோது தாடைக்குள் வண்டு புகுந்துவிட்டது. மெலிதாக. பித்தளைத் தகடு அடித்த பெட்டிக்குள்ளிருந்து அது அவளைக் கண்டுகொண்டது.

பாதையின் இரண்டு பக்கமும் கூட்டம். நடுவில் ஈரச் சேலையோடு பெண்கள் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். கொட்டு நெருங்கியது. பெண்களைத் தாண்டிப் பெட்டி கோயிலுக்குள் போய்விட்டால், கூட்டம் நெருக்கி அவளை வெளியே தள்ளிவிடும். பங்காளிகள் கண்ணில் பட்டால் யாராவது வீட்டில் கொண்டுபோய் அடைப்பார்கள். வந்தவள் எங்கே நிற்கிறாள் என்றும் தெரியாது. அம்மா கேட்ட இடத்திலேயே தானும் கேட்பதைத் தவிர வழியில்லை. ஒச்சம்மாள் பக்கத்தில் நின்றவளின் தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். வரிசையின் கடைசியில் மல்லாந்து படுத்தாள்.

முதல் பெண்ணை அப்பா தாண்டினார். இரண்டாவது. மூன்றாவது. வாயில் வெள்ளைத்துணி, தலையில் சும்மாடு, அதன்மேல் பெட்டி. தாண்டத் தாண்ட அவள் தாடை அதிர்ந்தது.

அவளிடம் வந்ததும் நின்றுவிட்டார். கொட்டும் நின்றது.

"என்னப்பா பெட்டி நிக்குது?"

"யாரது கெடக்குறது? நல்லகாமன் மகளா? கொமரிக்கு என்னா வேண்டுதலு?"

"எறக்கிராதப்பா! நல்லகாமா, எறக்கிராத!"

அப்பா அவளைப் பார்த்தார். இதே பாதையில் கிடந்து அம்மா எதைக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியும். மகள் எதைக் கேட்கிறாள் என்பதும் தெரிந்துவிட்டது. தாண்டினால் கொடுத்ததாகிவிடும். அவர் கண் கூட்டத்துக்குள் துழாவிச் சோணை மாமாவிடம் போய் நின்றது. அந்தக் கண்ணுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. மாமா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

"எந்திரி ஆத்தா. மானம் போகுது."

"மாமா, எங்காளு வந்திருக்காக."

"என்னா பேசுற?"

"இன்னைக்கு விட்டா வரமாட்டாக மாமா."

அவர் இழுத்ததில் தலை புரண்டது. ஈரத்தில் மெழுகு பிடிவிட்டு, ஒரு தோடு மாமாவின் உள்ளங்கையில் விழுந்தது. மாமா அந்தக் காதைப் பார்த்தார். மூன்று தடவை அவர் மடியில் வைத்துக் குத்திய காது. குத்திய தடம்கூட இல்லை. கூட்டம் பார்க்காதபடி தன் துண்டால் அதை மறைத்தார். கையை விட்டார்.

"மாப்ள" என்றார் மேலே பார்த்து.  "நீ ஒண்ணும் குடுக்க வேணாம். சாமி பாத்துக்கிடும். நீ தாண்டு."

அப்பாவின் வலது கால் எழும்பியது. அந்தரத்தில் நின்றது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. பாதத்தில் ஒட்டியிருந்த கரிசல்மண் உதிர்ந்து ஒச்சம்மாளின் கழுத்தில் விழுந்தது. வெடிப்போடிய குதிகால், தேய்ந்த நகம். அவள் கண்ணை மூடவில்லை.

கால் அந்தப் பக்கம் ஊன்றியது. பெட்டி அவளுக்கு நேர்மேலே வந்த ஒரு கணம் எலும்பெல்லாம் முனகியது. பிறகு மறு காலும் தாண்டியது.

கொட்டு வெடித்தது. குலவை எழுந்தது. அப்பா கோயிலைப் பார்த்து நடந்தார்.

ஒச்சம்மாள் எழுந்து இன்னொரு தோட்டையும் பிய்த்தாள். கூந்தலை அள்ளிக் கட்டி, இரண்டு காதும் தெரிய நின்றாள். கூட்டத்துப் பெண்களை முகம் முகமாகப் பார்த்தாள். தண்டட்டி, கம்மல், தோடு, ஈர்க்குச்சி சொருகிய ஓட்டை. எல்லாக் காதிலும் ஏதோ ஒன்று இருந்தது.

சோளத்தட்டைப் படப்பின் ஓரத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். கண்டாங்கியை இந்த ஊர்க்காரியைப் போலவே கட்டியிருந்தாள். கொண்டை, வெற்றிலைக் கறை எல்லாம் சரியாக இருந்தது. அவள் முக்காட்டை மெல்ல விலக்கினாள். இரண்டு காதும் மொழுமொழுவென்று, பிறந்த பிள்ளைக்கு இருப்பதுபோல் இருந்தன.

ஒச்சம்மாளின் கால் தானாக அங்கே போனது.

"நீதானா?" என்றாள் அவள். வார்த்தைகளை எண்ணி எண்ணி வைப்பதுபோல் பேசினாள். "ரொம்பத் தேடினோம். வருசத்துக்கு ஒரு தடவை கூப்பிடும். நாங்கள் வருவதற்குள் நின்றுவிடும்."

"நாங்களா? நெறையப் பேரு இருக்கீகளா?"

"இருக்கிறோம்."

வந்தவள் அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது ஒச்சம்மாளின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வாள். அந்தக் குளிர்ச்சி எப்படி இருக்குமென்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. 

"அப்பா வெளிய வர்ற வரைக்கும் இருக்கலாமா?"

"பெட்டி திறந்திருக்கிற நேரம்தான் நமக்கு. மூடிவிட்டால் வழி இல்லை."

சோணை மாமா சற்றுத் தள்ளி நின்றார். அந்தப் பெண்ணின் காதைப் பார்த்தார், பக்கத்தில் வரவில்லை. ஒச்சம்மாள் போய் இரண்டாவது தோட்டையும் அவர் கையில் வைத்தாள்.

"அப்பா ராத்திரி சாப்புடாமப் படுத்துக்கிடுவாரு மாமா. எழுப்பிப் போடுங்க."

"போடி" என்றார். "போ. நான் பாத்துக்கிடுறேன்."

மணி அடித்தது. கோயில் வாசலில் தலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியாக அப்பாவின் முதுகு தெரிந்தது. பெட்டியை இறக்கிவிட்டார்கள். சும்மாடு மட்டும் தலையில் அப்படியே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை போலும். பூசை முடிகிறவரை திரும்பக் கூடாது. பூசாரி குனிந்து மூடியைத் தூக்கினார். முனகல் வெளியே வந்தது. கூட்டம் கும்பிட்டது. பக்கத்தில் நின்றவள் அதே சுருதியில் முனகினாள். ஒச்சம்மாளின் தொண்டையும், அவளைக் கேட்காமலேயே, முனகியது.

அப்பா அதைக் கேட்டார். தோள் அசைந்தது. திரும்பவில்லை.

வலது கையை மட்டும் மெல்லப் பின்னால் நீட்டினார். விரல்களை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

கண்ணுக்குத் தெரிகிறவரை ஒச்சம்மாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் கையை மடக்கவில்லை.