குடை மடக்காத அடுப்படி

துரை பங்களாவின் சாப்பாட்டு அறை அன்று காலை வெள்ளத்தாயின் அடுப்படிவரை வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். போன மழைக்காலத்தில் தொழிலாளர் லைனில் பக்கத்து வீட்டை அது குளியலறையாக்கிக்கொண்டது. அங்கிருந்த குடும்பம் இப்போது குளியல் தொட்டிக்குப் பின்னால் குடியிருக்கிறது.

பங்களாவின் சரித்திரம் எஸ்டேட்டில் தேயிலை கிள்ளுகிற எல்லோருக்கும் தெரியும். முதல் துரை இரண்டு அறை கட்டினார். முகப்புக் கல்படிகளை வெள்ளத்தாயின் பூட்டன் தலையில் சுமந்து மலையேற்றினார். அடுத்த துரை கணப்படுப்பு வைத்தார். அதற்கடுத்தவர் தேக்கு மாடிப்படி. கடைசித் துரை கப்பலேறிய பிறகும் பங்களாவுக்குப் பழக்கம் விடவில்லை. தன்னைத்தானே கட்டிக்கொள்ள ஆரம்பித்தது. நல்ல மழை பெய்தால் தூண்கள் செழிப்பாக வந்தன.

பட்லர் ஜெபஸ்தியான் வெள்ளைக் கையுறையோடு சுவர் வழியாக உள்ளே வந்தார்.

"வெள்ளத்தாயி, சாயங்காலத்துக்குள்ள உன் வீடு மொத்தமும் பங்களா. இனிமே நீ பின்வாசல் வழியாத்தான் வரணும்."

"பின்வாசல் எங்கண்ணே இருக்கு?"

"அடுத்த மலையில."

"இங்க உலை கொதிக்குதே."

"கொதிக்கட்டும். அது பங்களா உலை."

"அரிசி என்னுது."

"அரிசிக்குத் தடையில்ல. உனக்குத்தான்."

அதற்குள் அவளுடைய தகரக் கூரை விலகிக்கொண்டது. பங்களாவின் ஓட்டுக்கூரை இன்னும் வந்து சேரவில்லை. மழை நேராக உலையில் விழுந்தது. வெள்ளத்தாய் ஆணியிலிருந்த குடையை எடுத்து விரித்தாள்.

ஜெபஸ்தியானின் முகம் கையுறை நிறத்துக்கு வந்தது. பங்களா முன்னால் குடையை மடக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். எந்த மழையானாலும் அதுதான் வழக்கம். வெள்ளத்தாயின் அப்பா மடக்கி மடக்கியே காய்ச்சலில் போனார்.

"மடக்கு. பங்களா பாக்குது."

"குடை பாத்ததில்லையா அது?"

"விரிச்சுப் பாத்ததில்ல."

உண்மைதான். சாப்பாட்டு அறையோடு நகர்ந்துவந்த தேக்கு மேஜை அப்படியே நின்றது. வந்து சேர்ந்த கூரை குடைக்கம்பியின் நுனிவரை இறங்கியது. அதற்குமேல் என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

"கடைசியாக் கேக்குறேன், வெள்ளத்தாயி."

"ஒரு கையில கரண்டி. ஒரு கையில குடை. மடக்கக் கையில்லண்ணே."

தொட்டிக்குப் பின்னால் ஒரு குடை விரிகிற சத்தம் கேட்டது. பிறகு அதற்கடுத்த வீட்டில். பிறகு லைன் முழுக்க.

சாப்பாட்டு அறை கால் தேயப் பின்வாங்கியது. குளியலறையும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனது. போன அவசரத்தில் பங்களா தன் ஓடுகளையெல்லாம் லைன் வீடுகளின் மேலேயே விட்டுவிட்டது. வெள்ளத்தாயின் தலைமேல் இப்போது ஒரு சொட்டு மழை இல்லை. அவள் குடையை மடக்கவில்லை.

சற்று நேரத்தில் பின்சுவரில் யாரோ தட்டினார்கள். லைன் வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது. ஆனாலும் அங்கேதான் தட்டினார்கள், மரியாதையாக.

ஜெபஸ்தியான் சுவரில் காது வைத்துக் கேட்டார்.

"பங்களாதான். மேல கூரை இல்லாம நனையுதாம். மழை விடுற வரைக்கும் ஒண்டிக்கலாமான்னு கேக்குது."

வெள்ளத்தாய் சோற்றைக் கிளறி, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். இன்னும் வேகணும்.

"செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க."

வெளியே, பூட்டன் சுமந்த கல்படிகள் ஒவ்வொன்றாகக் கழன்று ஓரமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது.