ஃபீஃபி அனுப்பிய கடைசிச் சுருள்

கொபினா எசுமன் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிலிம் கழுவும் மருந்து. கெடு முடிந்து பதினொரு வருஷம் ஆகிறது. வாங்கியபோது தண்ணீர் போலிருந்தது, இப்போது கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. மிஞ்சினால் ஒரே ஒரு சுருளுக்குத் தேறும்.

"செத்துட்டியா, இருக்கியா? வாயத் தொறந்து சொல்லேன்" என்றார்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு எசி, புளித்த சோளமாவில் பிடித்த கெங்கே உருண்டைகளை இலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாம்புச் செவி.

"யாருண்ணே உள்ள? பொம்பளையா?"

"பாட்டில்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"அடப் பாவமே! பகல்லயே ஆரம்பிச்சாச்சா?"

"குடிக்கிற பாட்டில் இல்லம்மா. பிலிம் கழுவுற மருந்து."

"என்னத்தையோ கழுவுங்க. மொதல்ல கெங்கே ஆறுறதுக்குள்ள வந்து வாங்கிட்டுப் போங்க."

அவர் போகவில்லை. மேஜை மேல் கூட்டாளி ஃபீஃபியின் பிலிம் சுருள் இருந்தது. அதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு வருஷமாக அப்படித்தான்.

கடலோரம் கேப் கோஸ்டில் கொபினா, வடக்கே தமாலேயில் ஃபீஃபி. இருவரும் துறைமுகத்தில் ஒன்றாகக் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள். ஃபீஃபி கல்யாணம் கட்டி வடக்கே போனான். இவர் கட்டவும் இல்லை, போகவும் இல்லை. அதற்குப் பிறகு இருவரையும் சேர்த்து வைத்திருந்தது ஒரு கிறுக்கு விளையாட்டு. ஒருவன் ஒரு சுருள் முழுக்கப் படம் எடுப்பான். அதைக் கழுவாமல் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புவான். மற்றவன் அதே சுருளைத் தன் கேமராவில் போட்டு, அதே படங்களின் மேலேயே தன் படங்களை எடுப்பான். முதல் ஆள் எதை எடுத்தான் என்று கேட்கக்கூடாது. கட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழ, வெளியே நீட்டியிருக்கும் பிலிம் நுனியில் பேனாவால் ஒரு கோடு. கழுவினால் தமாலே மசூதியின் மேல் இங்கத்து மீன்கூடை நிற்கும். ஃபீஃபியின் மாமியார் தலையில் ஒரு படகு ஏறியிருக்கும். பத்தொன்பது வருஷம் சிரித்தார்கள்.

கடைசிச் சுருள் வந்த அன்று ஃபீஃபி போனில் பேசினான். குரல் கம்மியிருந்தது.

"டேய், இந்தத் தடவ மீனு, படகு, மண்ணாங்கட்டி எதுவும் வேணாம். உன் மூஞ்சியையே எடு."

"என் மூஞ்சியப் பாத்தா பிலிமே கருகிடும்டா."

"கருகட்டும். கறுப்புத் துணியக் கட்டிட்டு அதுக்கு முன்னாடி, படத்துல வலது ஓரமா வர்ற மாதிரி உக்காரு. சீக்கிரம் எடுடா, தள்ளிப் போடாத."

தள்ளித்தான் போட்டார். மூன்றாம் வாரம் ஃபீஃபி போய்விட்டான். அடக்கத்துக்குப் போனார், கறுப்புத் துணி உடுத்தி நின்றார், திரும்பி வந்தார். அவன் கடைசியாகப் பார்த்த முப்பத்தாறு காட்சிகள் அந்தச் சுருளுக்குள் இருக்கின்றன. அதன் மேல் தன் கிழட்டு மூஞ்சியைக் கொண்டுபோய் அப்புவதா? மனசு வரவில்லை. கழுவி முடித்துவிட்டால் விளையாட்டும் முடிந்துபோகும் என்பதால் அதற்கும் கை வரவில்லை. புது மருந்துக்கு அக்ராவில் இரண்டு தடவை விசாரித்தார், கிடைக்கவில்லை. பாட்டிலில் இருந்ததோ மாதத்துக்கு மாதம் கறுத்துக்கொண்டே வந்தது. இனியும் காத்திருந்தால் எல்லாமே போய்விடும் என்று இன்று காலையில்தான் துணிந்தார்.

பழைய மருந்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வெளிச்சம் பட்ட பிலிம் நுனியைக் கொஞ்சம் வெட்டி மருந்தில் போட வேண்டும். கறுத்தால் உயிர் இருக்கிறது. வேறு சுருள் வீட்டில் இல்லை. வெட்டினால் ஃபீஃபி போட்ட பேனாக் கோடும் சேர்ந்து போகும், அப்புறம் அதன் மேல் படம் எடுக்கிற பேச்சே இல்லை. அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "உன் படம் உனக்கே இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டு வெட்டினார்.

துண்டு மருந்தில் விழுந்தது. ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு ஓரத்தில் சாம்பல் படர்ந்தது, அப்புறம் முழுக்கக் கருகருவென்று ஆனது.

"இருக்கான்! உசிரோட இருக்கான்!" என்று வாய்விட்டுக் கத்தினார். கத்தியதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

வறண்ட புழுதி வீசும் ஹர்மட்டான் காற்றுக் காலம். புழுதி அடங்க சாமான் அறைக்குள் தண்ணீர் தெளித்தார், கதவிடுக்கில் போர்வையைச் செருகினார். இருட்டில் சுருளைக் கழுவும் டாங்கின் சக்கரத்தில் ஏற்றி மூடி, மருந்தை ஊற்றினார். கிழட்டு மருந்து, அவசரப்படுத்தக்கூடாது. வழக்கமான நேரத்தைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தினார். பிறகு படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, பிறகு பச்சைத்தண்ணீர்.

கொல்லைக் கதவருகே பிலிமைத் தொங்கவிட்டபோது, படங்கள் அத்தனையும் பழுதில்லாமல் வந்திருந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் கட்டத்தைப் பார்த்தார்.

ஃபீஃபி. கறுப்புத் துணிக்கு முன்னால், ஒரு பெஞ்சின் இடது ஓரத்தில். அடுத்ததிலும் ஃபீஃபி, அதே இடது ஓரம். மூன்றாவதில் யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் திரும்பிச் சிரிக்கிறான். வேறொன்றில் கோபமாக விரலை நீட்டி யாரையோ திட்டுகிறான். முப்பத்தாறிலும் வலது பாதி வெறும் பிலிம். அங்கே எதுவும் பதியாமல், மேலே எடுக்கப்போகும் படத்துக்குக் காலியாக இருக்கும்படி கறுப்புத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறான்.

கொபினாவுக்குப் புரிய ஆரம்பித்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

கெங்கேயும் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு எசியே வேலியைச் சுற்றி வந்தாள். "உங்களுக்குக் கொண்டாந்து ஊட்டணும்போல. இதென்னண்ணே, உங்க கூட்டாளியா?"

"ஆமா."

"மெலிஞ்சுட்டாரு பாவம்." அவள் கடைசிக் கட்டத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள். அதில் ஃபீஃபி கையை நீட்டி, காலி இடத்தில், உட்கார்ந்திருக்கும் ஒருவனின் தோள் உயரத்தில், விரல்களை மடக்கி வைத்திருந்தான்.

"கையை ஏன் இப்படி அந்தரத்துல வச்சிருக்காரு? பக்கத்துல யாரும் இல்லையே?"

"நான் போய் உக்காந்திருக்கணும்" என்றார் கொபினா. "நுனிய வெட்டிட்டேன், எசி."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் தட்டை அப்படியே தரையில் வைத்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்த பிலிமின் பக்கத்தில், அந்தக் கை எட்டும் இடத்தில் தோள் இருக்கும்படி, படியில் உட்கார்ந்துகொண்டார்.